இறக்கை எலும்பில் ஐந்து துளை

ஜெர்மனியின் தெற்கே, உல்ம் நகரில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பிளௌபொய்ரன் என்ற சிற்றூர் வந்துவிடும். முற்காலத்தில் தரும மருத்துவமனையாக இருந்த ஒரு கட்டடம் அங்கே இப்போது தொல்பழங்கால அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால், சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு குழலை வைத்திருக்கிறார்கள். நீளம் 21.8 சென்டிமீட்டர், குறுக்களவு 8 மில்லிமீட்டர். ஊதும் முனையில் இரண்டு பக்கமும் ஆப்பு வடிவில் வெட்டு. விரல் வைக்க ஐந்து துளைகள். ஐந்தாவது துளை இருக்கும் இடத்தில் குழல் உடைந்திருக்கிறது. இதற்கு மூங்கிலோ மரமோ பயன்படவில்லை. இது யூரேசியப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் இறக்கை எலும்பு. வயது 35,000 ஆண்டுகளுக்குக் குறையாது; 40,000 என்று சொல்கிறவர்களும் உண்டு.

கணவருக்கு உல்மில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே குடியேறியபோது எனக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஐன்ஸ்டைன் பிறந்த ஊர் என்பதுதான். டான்யூப் நதியோரம் ஒரு வாடகை வீடு. பையன் பள்ளிக்கூடம் போன பிறகு நாள் முழுக்கத் தனிமை. சிறு வயதில் செங்கல்பட்டில் ஒரு வாத்தியாரிடம் புல்லாங்குழல் கற்றிருந்தேன். அந்தக் குழலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேனே தவிர, பக்கத்து வீடுகளை நினைத்து வாசிக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். பிளௌபொய்ரனுக்கு முதலில் போனதுகூட அருங்காட்சியகத்துக்காக இல்லை. பையனின் வகுப்பில் அங்கே உள்ள ஊற்றைப் பற்றிப் பாடம் நடந்தது. பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தான்.

அந்த ஊற்றுக்கு பிளௌடோப்ஃப் என்று பெயர். 21 மீட்டர் ஆழத்திலிருந்து மலைத்தண்ணீர் மேலே வந்து ஒரு ஆறாகவே புறப்பட்டுப் போகிறது. நீரில் மிதக்கும் சுண்ணாம்புத் துகள்களால் அதற்கு அப்படியொரு நீலம். மழை நாளில் அது பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். அந்த மலைத்தொடர் முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான். ஜுராசிக் காலத்துக் கடலின் அடியில் படிந்தது. அங்கே வீட்டுச் சுவர்களிலும் தோட்டத்து வரப்புக் கற்களிலும் அம்மோனைட் சுருள்கள் சாதாரணமாகக் கண்ணில் படும். அரியலூர் குவாரிகளில் நாம் பார்க்கும் அம்மோனைட்டுகள் கிரெட்டேஷியஸ் காலத்தவை. இவை அவற்றுக்கும் மூத்தவை. மழைநீர் இந்தச் சுண்ணாம்பை அரித்து அரித்துக் குகைகளாக்கியிருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் அமிலம் குறைவு என்பதால் புதைந்த எலும்பு கரையாமல் கிடக்கிறது. அந்தக் குழல் நம் கண்ணுக்குக் கிடைத்ததற்கு இதுதான் காரணம். மூங்கில் விளையும் நாடுகளில் அதே காலத்தில் யாராவது மூங்கிலைத் துளைத்து ஊதியிருந்தால் அது ஒரு சில மழைக்காலங்களில் மட்கிப்போயிருக்கும். குழல் வாசிக்கிறவளுக்கு இந்த எண்ணம் வராமல் இருக்காது.

ஊற்றைப் பார்த்துவிட்டு, தூறலுக்கு ஒதுங்க இடம் தேடித்தான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். அதற்குப் பிறகு நான் தனியாகவே பலமுறை போனேன்.

குழல் கிடைத்த இடம் அங்கிருந்து சில மைல் தூரத்தில், ஷெல்க்லிங்கன் ஊரருகே உள்ள ஹோலே ஃபெல்ஸ் என்ற குகை. டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் கொனார்டும் அவர் குழுவும் அங்கே ஆண்டுதோறும் கோடையில் தோண்டுகிறார்கள். எடுக்கும் மண்ணை ஒரு பிடிகூட வீசுவதில்லை. வாளி வாளியாக எண் போட்டு, தண்ணீரில் சலித்து, மிஞ்சிய துணுக்குகளை மேசையில் பரப்பி இடுக்கியால் பிரிக்கிறார்கள். 2008 செப்டம்பரில் இந்த வேலையில்தான் ஒரு விரித்த கையளவு இடத்துக்குள் பன்னிரண்டு எலும்புத் துண்டுகள் கிடைத்தன. சேர்த்தபோது குழலாயிற்று. அதிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி, அதே மாதத்தில், மாமத யானைத் தந்தத்தில் செதுக்கிய பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. 6 சென்டிமீட்டர் உயரம். தலை இருக்கவேண்டிய இடத்தில் கயிறு கோக்க ஒரு வளையம். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பெண்ணின் பின்னால் போயின. எனக்கு என்னவோ குழல்தான் பெரிதாகத் தெரிந்தது, இன்றும் அப்படித்தான்.

காரணம் அந்த எலும்பின் தேர்வு. நமக்கு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் இருப்பது பறவைக்கும் உண்டு. அவற்றில் தடித்ததில்தான் இறகுகளின் வேர் பதிகிறது. அதனால் அதன் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். மெல்லியதில் அந்த முடிச்சு கிடையாது. வழவழப்பு, நேர்த்தி, உள்ளே வெறுமை. பாறுக்கு அந்த மெல்லிய எலும்பே சுமார் 34 சென்டிமீட்டர் நீளம் வரும். இரண்டரை மீட்டர் விரியும் இறக்கை அல்லவா! குழலைச் செய்தவர் எடுத்தது அந்த மெல்லிய எலும்பைத்தான். ஒரு பறவையின் உடம்பைத் திறந்து, அதில் எது எதற்கு ஆகும் என்று கையால் தெரிந்துவைத்திருந்த ஆள். துளைகளின் பக்கத்தில் மயிரிழைக் கோடுகள் கீறியிருக்கின்றன. எங்கே துளைப்பது என்று அளந்து குறித்த அடையாளம் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். துளையைச் சுற்றி எலும்பைச் சுரண்டி லேசாகக் குழிவாக்கியிருப்பது கண்ணாடி வழியாகவே தெரிகிறது. விரல் நுனி கச்சிதமாக உட்கார்ந்து காற்று கசியாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அது. எங்கள் வாத்தியார் மூங்கிலில் துளை சுட்ட பிறகு உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து விரல் வைத்துப் பார்ப்பார். அதே கவலைதான்.

பக்கத்து கைஸன்குளோஸ்டர்ல குகையிலும் குழல்கள் கிடைத்திருக்கின்றன. அன்னத்தின் எலும்பில் செய்தவை இரண்டு. மூன்றாவது மாமதத் தந்தம். தந்தம் உள்ளே கெட்டி, துளை போட முடியாது. ஆகவே ஒரு வளைந்த தந்தக் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் உள்ளே குடைந்து, விளிம்புகளில் பொருந்தும்படி வரிசையாக வெட்டுக் குறிகள் இட்டு, மறுபடி சேர்த்துக் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கிறார்கள். 31 துண்டுகளிலிருந்து மீட்டு ஒட்டிய அந்தக் குழலின் நீளம் 18.7 சென்டிமீட்டர். பறவை எலும்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இவ்வளவு பாடுபட்டு ஏன் தந்தத்தில் செய்யவேண்டும்? மாமதத்தின் குரலோ பலமோ அதற்குள் இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ. வசதிக்காக யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு உறுதி.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். கல்லைத் தட்டிக் கத்தி செய்வது, எலும்பில் ஊசி செய்வது என்று பழைய கைவேலைகளில் அவருக்குப் பித்து. ஒருநாள் மாடிப்படியில் பார்த்தபோது, "நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறீர்கள். திறந்து வைத்து வாசிக்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்று தொடங்கிய பழக்கம். நவம்பர் 11 அங்கே புனித மார்ட்டின் நாள். வீட்டுக்கு வீடு வாத்து வறுவல். அந்தப் பெரியவர் விருந்து முடிந்ததும் வாத்தின் இறக்கை எலும்புகளைக் கழுவி எடுத்துவைத்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவருடைய சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். நாங்கள் எடுத்துக்கொண்டது தடித்த எலும்பு, இறகு பதியும் எலும்பு. வாத்தில் மற்றது மிகவும் ஒடிசல். வேகவைத்த எலும்பின் இரண்டு முனையையும் தீக்கல் சில்லால் சுற்றிச் சுற்றிக் கீறினோம். சுண்ணாம்பு மலையிலேயே முடிச்சு முடிச்சாகக் கிடைக்கும் தீக்கல் அது. புதிதாகத் தட்டிய சில்லு சவர பிளேடுக்குக் குறைந்ததல்ல. கீறல் போதுமான ஆழம் போனதும் ஒரு முறுக்கு, முனை தனியாக வந்துவிட்டது. கம்பியை உள்ளே விட்டு மஜ்ஜையைத் தள்ளினார். பிறகு துளை. துளைக் கருவி எதுவும் கிடையாது. முதலில் சில்லின் தட்டை விளிம்பால் எலும்பின் மேல் முன்னும் பின்னும் சுரண்டி ஒரு சின்னத் திண்ணை உண்டாக்க வேண்டும். சுவர் மெலிந்து கொஞ்சம் ஒளி ஊடுருவுகிற நேரத்தில் சில்லின் கூர்முனையை வைத்துத் திருக வேண்டும். வெள்ளைப் பொடி கொட்டியது. பல் டாக்டர் பல்லைத் தேய்க்கும்போது மூக்கில் ஏறுமே ஒரு வாடை, அதேதான். என் விரல் எலும்பின் முதுகில் ஓடியபோது அந்த முடிச்சுகள் வரிசையாகத் தட்டுப்பட்டன. ஒவ்வொரு முடிச்சும் ஒரு இறகு நின்ற இடம்.

"இறகு இருந்த இடத்தில் விரல் வைக்கிறோம்" என்றார் அவர், பெரிதாக எதையும் சொல்லிவிட்ட பாவனை இல்லாமல்.

மூன்று துளை போட்டு முடிக்க மதியம் போய் இருட்டிவிட்டது. நம் குழல் பக்கவாட்டில் பிடிப்பது. இதை நேராக, கொஞ்சம் சாய்த்து, திறந்த முனையின் விளிம்பில் காற்றைத் தட்டி ஊத வேண்டும். வெறும் காற்று சீறிக்கொண்டிருந்தது. உதட்டை ஒரு நூல் நகர்த்தியபோது திடீரென்று சத்தம் பிடித்தது. கீச்சென்று, மிக உயரத்தில், அந்தச் சிறிய சமையலறையில் காது அடைக்கிற அளவுக்கு. அவர் மனைவி கூடத்திலிருந்து ஓடிவந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை பழகியது. ஒரே துளையை மூடியபடி சாய்மானத்தை மாற்றினாலே சுரம் அரைக்கும் மேலாக ஏறி இறங்குகிறது. விரலைப் பாதி விலக்கினால் வழுக்கிக்கொண்டு அடுத்த சுரத்துக்குப் போகிறது. கமகம் தானாக வருகிறது!

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வெர்னர் ஹெர்சாக் 2010-இல் எடுத்த ஷோவே குகை ஆவணப்படத்தில் வுல்ஃப் ஹைன் என்பவர் இந்தப் பாறுக் குழலின் நகலில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்துக் காட்டுவார். ஐந்து சுர வரிசை அதில் இருக்கிறது என்பதற்காக. அழகான காட்சிதான். ஆனால் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து இதுதான் அவர்களுடைய ராகம் என்று சொல்லிவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. எட்டுத் துளை உள்ள நம் குழலில் எத்தனை ராகம் வாசிக்கிறோம்! துளை என்பது விரலுக்கு ஒரு புறப்பாடு. மிச்சத்தைச் செய்வது உதடும் மூச்சும் காதும். அந்தக் குகைக்காரர்களின் காதில் என்னென்ன விழுந்துகொண்டிருந்தது என்று யோசிப்பதுதான் எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. கலைமான் கூட்டம், குதிரைக் கூட்டம், நீர்ப்பறவைகள், மரமே இல்லாத புல்வெளியில் நிற்காமல் வீசும் காற்று. விலங்கு விழுந்தால் வானத்திலிருந்து இறங்கும் பாறுகள். அவர்கள் வேட்டையாடியதில் மிஞ்சியது பாறுக்கு. பாறு செத்தால் இறக்கை இவர்களுக்கு.

ஹோலே ஃபெல்ஸுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நீண்ட குறுகிய நடை, அதைத் தாண்டியதும் சட்டென்று பெரிய கூடம். கூரை டார்ச் வெளிச்சத்துக்கு எட்டாத உயரத்தில். வெளியே வெயில், உள்ளே குளிர். பையன் "ஓ" என்று கத்தினான். சத்தம் அடங்கவே இல்லை. வாத்து எலும்புக் குழலைப் பையில் வைத்திருந்தேன். வழிகாட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டு ஊதினேன். சமையலறையில் காதைக் குத்திய அதே கீச்சு இங்கே கல்லில் பட்டு உருண்டு திரும்பி வந்தது. ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை வாசித்தால் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. வீட்டில் குறையாக இருந்தது குகையில் நிறைவாகிவிட்டது.

இந்தக் குகையில் கிடைத்தவற்றில் குழலுக்கு அடுத்து என் மனதுக்குப் பிடித்தது ஒரு தந்தப் பறவை. 4.7 சென்டிமீட்டர்தான். கழுத்தை முன்னால் நீட்டி, இறக்கையை உடம்போடு ஒட்டி, காலைப் பின்னால் சேர்த்து வைத்திருக்கிறது. கண் உண்டு, கூம்பிய அலகு உண்டு, முதுகில் இறகைக் காட்டும் கோடுகள் உண்டு. நீர்க்காகமா, வாத்தா, முக்குளிப்பானா என்று அறிஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே டான்யூபில் நீர்க்காகங்கள் வரும். மேலே இருந்து பார்த்தால் அவை மூழ்கிய பிறகும் தெளிந்த நீருக்குள் சிறிது தூரம் தெரியும். கழுத்து நீண்டு, இறக்கை ஒடுங்கி, உடம்பே ஒரு ஊசியாகி மீனைத் துரத்தும். அந்தத் தந்தப் பறவை நீருக்கடியில் இருக்கும் பறவை என்றுதான் எனக்குப் படுகிறது. பறக்கும் பறவைக்கு அந்த ஒடுக்கம் வராது. செதுக்கியவர் கரையில் குனிந்து மணிக்கணக்காகப் பார்த்திருக்க வேண்டும்.

சிங்க மனிதனைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. உல்ம் அருங்காட்சியகத்தின் பெருமையே அதுதான். 31.1 சென்டிமீட்டர் உயரத் தந்தச் சிலை, மனித உடம்பு, குகைச் சிங்கத்தின் தலை. 1939 ஆகஸ்ட் 25 அன்று லோன பள்ளத்தாக்கின் ஷ்டாடல் குகையில் துண்டுகள் கிடைத்தன. ஒரு வாரத்தில் உலகப் போர் தொடங்கிவிட்டது. தோண்டியவர்கள் கிளம்பிவிட, இருநூறுக்கும் மேற்பட்ட சில்லுகள் பெட்டியில் கிடந்தன. 1969-இல் யோவாகிம் ஹான் அவற்றை ஒட்டிப் பார்த்தபோதுதான் இப்படி ஒரு உருவம் இருப்பது தெரிந்தது. பின்னர் மறுபடி தோண்டிக் கிடைத்த துணுக்குகளையும் சேர்த்து இப்போது முழுமையாக நிற்கிறது. எங்கள் பையனிடம் நரசிம்மர் என்று சொன்னதுமே புரிந்துகொண்டான். நாங்கள் அங்கிருந்தபோதே, 2017-இல், இந்த மூன்று குகைகளும் அடங்கிய ஆறு குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஊர் விழா மாதிரி கொண்டாடினார்கள்.

குழல் வகுப்பில் வாத்தியார் ஏழு சுரத்துக்கும் ஏழு உயிர்களைச் சொல்லிக்கொடுத்தது அந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வரும். சட்ஜம் மயில், ரிஷபம் சாதகப் பறவை, காந்தாரம் ஆடு, மத்யமம் கிரௌஞ்சம், பஞ்சமம் குயில், தைவதம் தவளை, நிஷாதம் யானை. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் இந்த வரிசை இருக்கிறது. வாத்தியாருக்கு அது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சித்திரை மாதத்தில் வகுப்பு நடக்கும்போது வேப்பமரத்தில் குயில் கூவினால் கையைத் தூக்கி எங்களை நிறுத்துவார். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே ஏறும். அது முடியும் வரை காத்திருந்து, "எங்கே ஆரம்பிச்சுது, எங்கே போய் நின்னுது, வாசி பார்க்கலாம்" என்பார்.

அதே சங்கீத ரத்னாகரத்தின் தேசி தாளங்கள் நூற்றிருபதும் ஐரோப்பாவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டன என்பதை உல்மில்தான் தெரிந்துகொண்டேன். அவர் இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். ஒரு தேவாலயத்தில் அவருடைய இசையைக் கேட்டேன். 1941 ஜனவரி 15 அன்று, ஜெர்மானியர்களின் கோர்லிட்ஸ் போர்க் கைதி முகாமில், கைதியாக இருந்த மெசியானும் சக கைதிகளும் முதன்முதலில் வாசித்த நால்வர் இசை அது. அதில் ஒரு பகுதி கிளாரினெட் ஒன்றே தனியாக வாசிப்பது. பறவைகளின் பாதாளம் என்று அதற்குப் பெயர். கேட்கவே கேட்காத மெலிவிலிருந்து ஒரே சுரம் பெருகிப் பெருகி வருகிறது, பிறகு பறவைகள் சடசடவென்று புறப்படுகின்றன. பிற்காலத்தில் மெசியான் காடுமேடெல்லாம் அலைந்து பறவைக் குரல்களை நோட்டில் எழுதி, 1956 முதல் 1958 வரை பியானோவுக்குப் பதின்மூன்று துண்டுகளாகப் பறவைகளின் பட்டியலையே இசையமைத்தார். பறவையைப் பாவனை செய்வதல்ல அவர் செய்தது, பறவையிடம் பாடம் கேட்டது. சார்ங்கதேவரின் தாளமும் வேலியோரத்துப் பறவையும் அவருக்கு ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்.

பாறு எலும்பின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு நினைவும் கூடவே வரும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் அதிக தூரமில்லை. பள்ளி விடுமுறையில் பாட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை உச்சி வெயிலுக்கு முன்னால் ஏற வைத்துவிடுவாள். மேலே பாறையில் குருக்கள் பொங்கல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு கழுகுகள் காசியில் குளித்துவிட்டு இங்கே மதிய உணவுக்கு வருகின்றன என்பது ஐதீகம்.

"ரெண்டு புள்ளி தெரியுது பாரு. அதான். விரல நீட்டாதே, கும்புடு" என்பாள் பாட்டி.

புள்ளிகள் வட்டமடித்து இறங்கும். கிட்டே வந்தால் வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் தோல் முகம். மஞ்சள்முகப் பாறு. தத்தித் தத்தி நடந்து வந்து குருக்கள் கையிலிருப்பதைக் கொத்தித் தின்னும். அலகைப் பாறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடும். அவ்வளவு பக்கத்தில் ஒரு காட்டுப் பறவையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 1990-களின் கடைசியில் அவை வருவது நின்றுபோயிற்று. பாட்டி இருந்தவரை அவற்றின் சாபம் என்ன, யார் செய்த பாவம் என்று பேசிக்கொண்டேயிருந்தாள்.

நாடு முழுக்கவே அந்த நாட்களில் பாறுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டது. காரணத்தை 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் நின்றுவிடுகிறது. உடம்பைத் திறந்து பார்த்தால் ஈரல், இதயம் மேலெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் பூத்திருக்கும். 2006-இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. பிறகு 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடையாயின. மெலோக்சிகாம் என்ற மருந்து பாறுக்குக் கெடுதல் செய்வதில்லை.

ஜெர்மனியில் அந்த மலைகளில் இப்போது யூரேசியப் பாறு கூடு கட்டுவதில்லை. கோடையில் தெற்கிலிருந்து சில வந்து சுற்றிவிட்டுப் போகும். இந்தியா திரும்பிய பிறகு நாங்கள் முதுமலைப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனோம். தமிழ்நாட்டில் பாறுகள் மிஞ்சியிருக்கும் இடம் அது. ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைத்திருந்தன. வனத்துறையினரோடு தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். ஒன்று கிளையில் நின்றபடி ஒரு இறக்கையை மட்டும் முழுதாக விரித்து வெயிலில் காயவிட்டது. எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை கண்ணாலேயே அளந்தேன்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தபோது, மாடு வைத்திருக்கும் தம்பி முறைக்காரன் ஒருவன் பசுவின் காலில் வீக்கம் என்று மருந்துக்கடைக்குக் கிளம்பினான். கடையில் கொடுப்பதை வாங்கித் தானே போட்டுவிடுவது அவன் வழக்கம். நான் விடவில்லை. அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். மெலோக்சிகாம் போடுவீர்களா என்று கேட்டேன். "இப்ப நாங்க அதைத்தாம்மா போடறோம். கடையில நேரா வாங்கிப் போடறவங்கள வெச்சுத்தான் கவலை" என்றார் அவர். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டொரு நாளில் போன் வந்தது. "பசு எழுந்து தீனி திங்குதுக்கா. அந்த மருந்துப் பேர எழுதி அனுப்பு, எனக்கு வாயில வரல." தமிழில் எழுத்துக் கூட்டி அனுப்பினேன். அன்று சாயங்காலமே அதைப் பால் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். இது எதுக்கு என்று ஒருவர் கேட்டார். கழுகுக்கு என்று பதில் எழுதினான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைப் பற்றித்தான். யார் எந்த வருடம் கடைசியாகப் பார்த்தது, அன்றைக்கு வந்தது ஒன்றா இரண்டா என்று ராத்திரி வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது.